கூலி வேடத்துக்கு ஆளில்லை

அந்த வருடம் எங்கள் விழா மண்டபத்தில் ஒரே மாலையில் ஐந்து பிரிட்டிஷ் தேசாதிபதிகள் இருந்தார்கள். ஐந்து பேருக்கும் தொந்தி இருந்தது. ஐந்து பேரும் ஒஸ்லோவில் புருசெத் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியக் குழுவிடம் இரவல் வாங்கிய சிவப்புக் கோட்டுகளை மாட்டியிருந்தார்கள். நோர்வேயின் தேசிய தினமான மே பதினேழு ஊர்வலத்தில் பள்ளிப் பிள்ளைகள் ட்ரம்பெட் ஊதிக்கொண்டு போகும்போது போடும் கோட்டுகள் அவை. எங்கள் தேசாதிபதிகளுக்குப் பொத்தான் பூட்டவில்லை. உலகத்தில் பாதியைப் பிடித்தவர்கள், மேடையில் நின்ற நேரமெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அது 2005ஆம் ஆண்டு. சுவீடனை விட்டுப் பிரிந்து நூறு ஆண்டாகிவிட்டதென்று நோர்வே முழுவதும் கொடியும் கேக்குமாக இருந்தது. நான் ஒஸ்லோவில் ஒரு வயோதிபர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறேன். அங்கிருந்த கிழவர் ஒருவர் எனக்கு அந்தப் பிரிவினையை ஒரு கோப்பி குடிக்கிற நேரத்தில் விளங்கப்படுத்தினார். “போகிறோம் என்றோம். அவர்களுக்குக் கோபம் வந்தது. பிறகு சரி என்றார்கள்.” ஒரு துவக்குச் சத்தம்கூட இல்லையாம். எனக்கு வயிறு எரிந்தது. போகிறோம் என்றால் சரி என்கிற பக்கத்து வீட்டுக்காரன் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இதைப் பார்த்து எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கும் ரோசம் வந்துவிட்டது. ஆண்டு விழாவுக்கு நாங்களும் எங்கள் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த கதையை நாடகமாகப் போட வேண்டும், நகரசபைப் பக்கத்திலிருந்து ஒரு நோர்வேஜியரையும் அழைத்துக் காட்ட வேண்டும் என்று நிர்வாகக் குழு முடிவெடுத்தது. ‘வெள்ளைக்காரன் வந்ததும் போனதும்’ என்பது நாடகத்தின் பெயர். எழுத்தும் இயக்கமும் என் மாமனார்.

மாமா யாழ்ப்பாணத்தில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்று, மகளோடு இருப்பதற்காக ஒஸ்லோ வந்தவர். அவருடைய தகப்பன் வெள்ளைக்காரன் காலத்துக் கந்தோரில் தலைமைக் கிளாக்கர். அதனால் மாமாவுக்கு அந்தக் காலத்தின் மேல் ஒரு வாரிசு உரிமையே இருந்தது. இங்கே டி-பானே ரயில் இரண்டு நிமிடம் பிந்தி வந்தாலும், “வெள்ளைக்காரன் இருந்திருந்தால் இப்பிடி நடக்குமோ?” என்பார். சுற்றிலும் வெள்ளைக்காரர்கள்தான் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களை அவர் கணக்கில் எடுப்பதில்லை. அவருடைய அகராதியில் வெள்ளைக்காரன் என்றால் ஆங்கிலேயன். நோர்வேக்காரன் வெறுமனே வெளுத்தவன். அந்த ஆங்கிலேயனிடமிருந்து நாங்கள் விடுதலை பெற்ற நாடகத்தை எழுத இவரைவிடப் பொருத்தமான ஆள் வட துருவம் வரை தேடினாலும் கிடைக்கமாட்டார்.

வேடம் பிரிக்கும் கூட்டம் ட்வெய்ட்டாவில் எங்கள் வீட்டில் நடந்தது. மனைவி வடை சுட்டாள். வந்த ஆண்கள் எல்லோருக்கும் தேசாதிபதி வேடம்தான் வேண்டும். ஒருவருக்குக் குரல் எடுப்பாம். ஒருவர் கொழும்பில் ஒரு ஆங்கிலேயக் கொம்பனியில் வேலை செய்தவராம், “அவங்கள் கோப்பையைப் பிடிக்கிற விதமே வேறை” என்று எங்கள் கோப்பையைப் பிடித்துக் காட்டினார். மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பாடுகிறவர், தன்னைப் போர்த்துக்கீசனாகப் போட்டாலும் சம்மதம் என்றார்.

“எங்களைப் பிடிச்சவன் அவன்தானே, மாஸ்டர். எனக்குப் பேர் வைச்சவனும் அவன்தான்.”

“நாடகம் பிரிட்டிஷ்காரனைப் பற்றினது,” என்றார் மாமா.

“அப்ப என்னை பிரிட்டிஷ்காரனாப் போடுங்கோ.”

கோபமும் வடையும் மாறி மாறிப் பரிமாறப்பட்டன. கடைசியில் வரலாறுதான் கைகொடுத்தது. பிரிட்டிஷ்காரர் இருந்த காலத்தில் எத்தனையோ தேசாதிபதிகள் வந்து போயிருக்கிறார்கள். காட்சிக்கு ஒருவராகப் போட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இராது. கடைசித் தேசாதிபதி, அதாவது நாட்டைக் கையளித்துவிட்டுக் கம்பீரமாகக் கப்பலேறுகிறவர், மாமாதான் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது. கண்டி அரசனாக நடிக்க ஒரு பெரியவரும் முன்வரவில்லை. அவனைக் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள் அல்லவா? அந்த வேடம் ஒரு பள்ளிக்கூடப் பையனுக்குப் போயிற்று. எதிர்த்துச் சண்டை பிடித்துச் சாகிற வீரர்கள் இருவரும் புருசெத் பையன்கள். சீக்கிரம் செத்தால் கால்பந்துப் பயிற்சிக்குப் போகலாம் என்பதால் சம்மதித்தார்கள்.

அதற்குப் பிறகு மாமா தாளைப் புரட்டிச் சொன்னார்: “தேயிலைத் தோட்டத்துக்கு இந்தியாவிலை இருந்து கூலியளைக் கொண்டுவாற காட்சி ஒண்டு இருக்கு. ஒரு பத்துப் பேர் வேணும்.”

வடை மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

“என்ரை பெடியனுக்குப் பரீட்சை,” என்றார் ஒருவர்.

“வீடியோ ஊருக்குப் போகும், மாஸ்டர். என்ரை பிள்ளை கூலியா நிக்கிறதைச் சனம் பாத்தால் என்ன நினைக்கும்?” என்றார் இன்னொருவர். மற்றவர்களும் தலையாட்டினார்கள். நாட்டைப் பிடித்தவனாக நிற்பதில் யாருக்கும் வெட்கம் இல்லை. அந்த நாட்டில் வேலை செய்தவனாக நிற்பதில்தான்.

அப்போது கோப்பை பிடித்துக் காட்டியவர் என்னைப் பார்த்து, மிகவும் மரியாதையாக, “தம்பியிட்டைக் கேப்பம். தம்பி, உங்கடை தோட்டத்திலை எத்தினை கூலியள் நிண்டவை?” என்று கேட்டார்.

இதற்கு ஒரு விளக்கம் தேவை. எங்களுக்குத் தோட்டம் இல்லை. நான் மலையகத்தில் ஹற்றனுக்குக் கிட்ட ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். ஒரு நீளக் கட்டடம், ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, அதுதான் லயம். என் அம்மா கொழுந்து எடுத்தவர். அவருடைய அம்மாவும் கொழுந்து எடுத்தவர். அவர்களுக்கு முந்தியவர்களைத் திருச்சிப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரன் ஆள் வைத்துத் திரட்டி, மன்னார்க் கரையில் இறக்கி, காட்டு வழியே மலைக்கு நடக்கவிட்டான். வழியில் செத்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். நான் சிறுவனாக இருந்தபோது ஒரு கலவரத்தில் லயத்தை எரித்தார்கள், வவுனியாப் பக்கம் ஓடினோம். அங்கிருந்துதான் நான் நோர்வேயில் நாட்டார் உயர்பள்ளி என்கிற, தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்றுக்கு மாணவனாக வந்தேன். பிறகு வடக்கே மீன் ஆலையில் மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவில் படித்துத் தாதியானேன். நோர்வேஜிய மொழி வகுப்பில் என் மனைவியைச் சந்தித்தேன். அவளிடம் முதல் வாரமே எல்லாவற்றையும் சொன்னேன். அவள், “அதுக்கென்ன?” என்றாள். அதற்காகவே அவளைக் கட்ட வேண்டும்போல் இருந்தது.

மாமாவுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் எங்கள் கல்யாண வரவேற்பில், நான் கழுத்தில் மாலையோடு நிற்கும்போதே, வந்தவர்களுக்கெல்லாம் இப்படி அறிமுகம் செய்தார்: “மருமோன் கண்டிப் பக்கம். தேயிலைத் தோட்டம் வைச்சிருந்த ஆக்கள்.” எனக்குப் புரைக்கேறிவிட்டது. மனைவி என் கையைக் கிள்ளி, “அப்பா பாவம், விடுங்கோ,” என்றாள்.

விட்டேன். ஒரு சதம் முதல் போடாமல் ஒரே மாலையில் தோட்டத் துரையாவது எத்தனை பேருக்கு நடக்கும்? அதன் பிறகு ஒஸ்லோவில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் தேநீர்க் கோப்பையை முதலில் எனக்குத்தான் நீட்டுவார்கள். நான் ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடி, “மழைக்குப் பிறகு எடுத்த கொழுந்து,” என்பேன். எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். கடையில் மலிவு விலைக்குப் போட்ட தூள் அது. சொல்லப்போனால், அந்த விளையாட்டு எனக்குப் பிடித்தே இருந்தது. கூட்டத்திலும் அதே பாவனையில், “அப்பாவுக்குத்தான் கணக்குத் தெரியும். எக்கச்சக்கம்,” என்றேன். திருப்திப்பட்டார்கள்.

இத்தனைக்கும் நான் வேலை செய்யும் இல்லத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே இருக்கும் நோர்வேஜியக் கிழவர்களுக்கு ஏழ்மையில்தான் போட்டி. ஒருவரின் பூட்டன் அடுத்தவன் நிலத்தில் குடிசை போட்டுக் கூலிக்கு உழுதவர். உடனே பக்கத்துக் கட்டிலில் இருப்பவர், தன் பூட்டனுக்குக் குடிசையே இல்லை என்பார். உருளைக்கிழங்கும் கருவாடும் தின்று பனியில் வெறுங்காலோடு நடந்த கதைகளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்கள். எங்கள் மண்டபத்திலோ எல்லோருடைய பூட்டனும் காணிக்காரன், நாற்சார் வீட்டுக்காரன், கை கட்டி நிற்க நாலு பேர் வைத்திருந்தவன். அப்படியானால் அந்தக் கை கட்டி நின்ற நாலு பேரின் பேரப்பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று எனக்கு வியப்பாக இருக்கும். ஒருவர் எங்கே போனார் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

கூலிக் காட்சியைக் காப்பாற்றியவர் நடன ஆசிரியை. கணவனின் கம்ப்யூட்டர் வேலைக்காகச் சென்னையிலிருந்து வந்தவர். “ஆக்டிங் வேண்டாம் சார், ஒரு டான்ஸாவே பண்ணிடலாம். டீ எஸ்டேட்னா நம்ம ஊட்டி மாதிரிதானே? பொண்ணுங்க அழகா பறிச்சுட்டே வரட்டும்,” என்றார். உடனே எல்லாத் தகப்பன்மாருக்கும் பரீட்சை முடிந்துவிட்டது. கூலியாக விடமாட்டோம் என்றவர்கள், நடனம் என்றதும் மகள்மாரை வரிசையில் நிறுத்தினார்கள். பட்டுப் பாவாடை, ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி, கல்லு வைத்த வளையல். அந்த அலங்காரத்தோடு மலையில் ஏறியிருந்தால் முதல் அட்டை கடித்ததுமே தெரிந்திருக்கும்.

அந்த ஆசிரியை என்னோடு இரண்டு வார்த்தை பேசியதும், “சார், நீங்க திருச்சி பக்கமா? உங்க தமிழ் எங்க ஊர் மாதிரியே வருதே!” என்று கேட்டார். நான் யாழ்ப்பாணத்து ‘ஓம்’ எல்லாம் போட்டுத்தான் கதைத்தேன், இருந்தும் கண்டுபிடித்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா நடுவில் புகுந்து, “கண்டிப் பக்கம், கண்டிப் பக்கம்,” என்று அவரைக் கதிரைகள் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவளும் அந்த நடனத்தில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அறையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். சிறிய பூக்கூடை ஒன்றை முழங்கையில் தொங்கவிட்டு, இரண்டு விரலால் கிள்ளி, கண்ணைச் சுழற்றி, கோயிலுக்கு மல்லிகை பறிப்பதுபோல் ஆடினாள். நானும் பார்த்துக்கொண்டு இருந்தேன். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அழுக்குத் துணி போடும் பெரிய கூடையை எடுத்து, அதில் ஒரு துவாயை முறுக்கிக் கட்டி, அவள் முதுகில் தொங்கவிட்டு, துவாயின் வளைவை அவள் உச்சந்தலையில் வைத்தேன்.

“இப்பிடித்தான். பாரம் தலையிலை இழுக்கும். இரண்டு கையாலையும் பறிச்சுத் தோளுக்கு மேலாலை பின்னுக்கு எறியோணும். சிரிக்கக் கூடாது. நிமிரவும் கூடாது.”

அவள் குனிந்து நின்று இரண்டு தரம் பறித்துப் பார்த்தாள். “தலை நோகுது,” என்றாள். பிறகு, “உங்கடை தோட்டத்திலை வேலை செய்தவை இப்பிடியோ கட்டினவை? நீங்கள் வீட்டு ஜன்னலாலை பாக்கிறனீங்களோ?” என்று கேட்டாள்.

அதுவரை மாமாவின் கதை எனக்கு ஒரு வேடிக்கை. அந்த நிமிடத்தில் அது என் பிள்ளையின் வாயிலிருந்து வந்தது. வேலை செய்தவை. அவள் என் அம்மாவை ஜன்னலுக்கு வெளியே நிறுத்திவிட்டாள்.

நான் அவளைக் கட்டிலில் இருத்தி, ஒளித்து மறைக்காமல் சொன்னேன். தோட்டம் எங்களுடையது இல்லை, வெள்ளைக்காரனுடையது. உன் அப்பம்மாதான் இப்படிக் கூடை கட்டிக் கொழுந்து எடுத்தவர். நான் அந்த ஒற்றை அறையில் பிறந்தவன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். “நீங்கள் துல்லர்!” என்றாள். பகிடி விடுகிறீர்கள் என்பதற்கு நோர்வேஜியச் சொல் அது. அவளுக்கு என்னைத் தெரியும். பனிமனிதன் குளிர்காலம் முடிந்ததும் சுவீடனுக்கு வேலை தேடிப் போகிறான் என்று நான் சொன்னதை இரண்டு வருடம் நம்பி, பள்ளிக்கூடத்திலும் சொல்லி அவமானப்பட்டவள். “அம்மப்பா தோட்டம் எண்டு சொன்னவர். அவர் பகிடி விடமாட்டார்,” என்றாள். கூடையைத் தலையில் வைத்துக் குனிந்து அறை முழுக்க நடந்து, “நான் அப்பம்மா, நான் அப்பம்மா” என்று திரும்பவும் சிரித்தாள். கதவடியில் மனைவி உடுப்புகளோடு நின்றாள். பிறகு அவற்றை மடிக்கப் போனாள்.

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன்: “என்னை அவள் நம்பமாட்டாள். நீ சொன்னால் நம்புவாள். சொல்லு.”

“விழா முடியட்டும்,” என்றாள். “அப்பா இரவு பகலா அந்த நாடகத்தோடை நிக்கிறார். இப்ப இதைக் கிளப்பினால் அவர் மண்டபத்துக்கே வரமாட்டார்.”

மாமாவின் நியாயம் எனக்கு முன்பே தெரியும். மகள் பிறந்தபோதே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். “தம்பி, உங்களிலை எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பிள்ளைக்கு அதெல்லாம் தெரியத் தேவையில்லை. நாளைக்குக் கலியாணம் காட்சி எண்டு வந்தால் ஆக்கள் விசாரிப்பினம்.” பிள்ளைக்கு அப்போது தலை நிற்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அதற்குள் விசாரித்துக்கொண்டு நின்றார்கள்.

இதற்கிடையில் கொடிப் பிரச்சினை வந்தது. கடைசிக் காட்சியில் ஆங்கிலேயனின் கொடி இறங்க வேண்டும். சரி, எந்தக் கொடி ஏறுவது? 1948இல் ஏறியது சிங்கக் கொடி. அதை அந்த மண்டபத்தில் ஏற்றினால், ஏற்றியவன் உயிரோடு இறங்கமாட்டான். வேறு கொடி ஏற்றலாம் என்றால், அந்தக் காலத்தில் அப்படி ஒன்று இல்லை. மாமா வரலாற்றுக்கு மாறாகப் போகமாட்டார். நோர்வேக் கொடியை ஏற்றுவோமா என்று மன்னார்க்காரர் கேட்டார். நெடுநேரம் சண்டை பிடித்து, ஒன்றும் ஏற்றுவதில்லை என்று தீர்மானித்தார்கள். கொடி இறங்கும். கயிறு நிற்கும். கயிறு இழுக்கும் பொறுப்பு எனக்கு.

விழா நாளும் வந்தது. வெளியே கார்த்திகை மாதத்துச் சேற்றுப்பனி. உள்ளே ரோல்ஸும் பற்றீஸும் பொரித்த மணம். முதல் வரிசையில் நகரசபைப் பக்கத்து விருந்தினர், நல்ல மனிதர், மடியில் மாலையோடு இருந்தார். அந்த ஆண்டுகளில் நோர்வேக்காரர்கள் எங்கள் சண்டைக்கு நடுவராகப் போயிருந்தார்கள். அதனால் இங்கே ஒவ்வொரு நோர்வேஜியரும் இலங்கை பற்றி ஓரளவு தெரிந்தவர்போலத் தலையைச் சாய்த்துக் கேட்பார். இவரும் அப்படியே கேட்டார்.

குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையில் செய்த கப்பல் வந்தது. தேசாதிபதிகள் ஒவ்வொருவராக இறங்கி, நீண்ட ஆங்கில வசனம் பேசினார்கள். கண்டி அரசனைக் கட்டி இழுத்தார்கள். அவனுடைய அம்மா முன்வரிசையில் இருந்து, “மெல்லமாப் பிடியுங்கோ,” என்றார். வீரர்கள் செத்து, பயிற்சிக்குப் போனார்கள். தேயிலை நடனத்துக்கு மண்டபம் அதிர்ந்தது. பட்டும் பொன்னும் மினுங்க, என் மகள் பூக்கூடையோடு பல் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தாள். வரிசைக்குப் பின்னால் நின்ற ஒரு தேசாதிபதி கம்பீரமாக, “வெரி குட்,” என்றார்.

கடைசியில் மாமா வந்தார். இறகு வைத்த வாத்தியக் குழுத் தொப்பி, சிவப்புக் கோட்டு, கறுப்பு றப்பர் சப்பாத்து. உண்மையைச் சொன்னால் அழகாகவே இருந்தார். அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. வெள்ளைக்காரன் போகிறானே என்று அழுத விடுதலை நாடகம் உலகத்திலேயே அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அவர் கப்பலேறினார். நான் கயிற்றை இழுத்தேன். கொடி இறங்கியது. ஒன்றும் ஏறவில்லை.

சுதந்திரம் கிடைத்துவிட்டது. மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை.

எப்படிக் கைதட்டுவார்கள்? அந்தச் சுதந்திரத்தால் எங்களுக்குக் கிடைத்தது என்ன என்று அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். இந்த மண்டபத்துக்கு வந்து சேர்ந்ததே அதனால்தான். வெள்ளைக்காரன் போனதற்குச் சந்தோசப்படவும் முடியவில்லை, துக்கப்படவும் கூச்சமாக இருந்தது. விருந்தினர் மட்டும் துள்ளி எழுந்து, தன் நாட்டில் செய்வதுபோல் இரண்டு கையையும் உயர்த்தித் தட்டி, “வாழ்த்துக்கள்! வாழ்த்துக்கள்!” என்றார். திரும்பிப் பார்த்தார். யாரும் எழவில்லை. மெல்ல உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம், “உங்கள் கொடி எங்கே?” என்று கேட்டார். அவர், “கயிறு சிக்கிவிட்டது,” என்று சொல்லிவிட்டார். பழி என் மேல் விழுந்தது.

மேடைக்குப் பக்கத்தில் நின்ற எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. அந்த நாடகம் நின்ற இடத்தில்தான் எங்கள் தோட்டத்து ஆட்களின் கதை தொடங்குகிறது. சுதந்திரம் கிடைத்த சூட்டோடு சூடாக இலங்கைப் பாராளுமன்றம் சட்டம் கொண்டுவந்து, தேயிலை பறித்தவர்கள் இந்த நாட்டுக்காரர் இல்லை என்றது. பிறகு வாக்கையும் பறித்தது. அந்தச் சட்டங்களுக்குக் கை உயர்த்தியவர்களில் தமிழ் உறுப்பினர்களும் இருந்தார்கள். என் தகப்பன் எந்த நாட்டுக்காரனும் இல்லாமல்தான் வளர்ந்தார். அதற்கு ஒரு நடனம்கூடப் போட முடியாது.

நாடகம் முடிந்து, கதிரைகளை ஒதுக்கி, மேசையில் சாப்பாடு வைத்தார்கள். மாமா வேடத்தைக் கலைக்காமலே விருந்தினரை உபசரித்தார். நானும் மனைவியும் பக்கத்தில் நின்றோம். மகள் பட்டுப்பாவாடையோடு ஓடிவந்தாள்.

“நீ எந்த வேடம்?” என்று விருந்தினர் நோர்வேஜிய மொழியில் அவளைக் கேட்டார்.

“தேயிலை பறிக்கிறவள். ஆனால் அது சும்மா நடனம்தான்,” என்றாள் அவள். “உண்மையில் எங்களுக்குத் தோட்டமே இருந்தது. அப்படிப் பறித்தவர்கள் எங்கள் வேலைக்காரர்கள்.”

விருந்தினரின் புன்னகை கொஞ்சம் இறுகியது. அந்த மனிதரின் பூட்டன் யாருடைய நிலத்தை உழுதாரோ தெரியாது. “அப்படியா?” என்று என்னைப் பார்த்தார்.

“ஆமாம், ஆமாம். தோட்ட முதலாளிகள்,” என்று மாமா நோர்வேஜிய மொழியில் முந்திக்கொண்டார்.

“இல்லை,” என்றேன் நான். “பறித்தது என் அம்மா.”

மகள் சிரித்தாள். “அப்பா எப்போதும் பகிடி விடுகிறவர்,” என்று விருந்தினருக்கு விளக்கம் கொடுத்தாள். “வீட்டில் அப்பம்மா மாதிரி நடந்தும் காட்டினேன்,” என்று அந்த இடத்திலேயே முதுகைக் கூனிக்கொண்டு இரண்டு அடி நடந்தாள். மாமாவும் சிரித்தார். விருந்தினர் யாரை நம்புவது என்று தெரியாமல், நடுவர் நாட்டுக்காரர் என்பதால், எல்லோருக்கும் பொதுவாகச் சிரித்தார்.

“அப்பா பகிடி விடேல்லை,” என்றாள் என் மனைவி.

தமிழில்தான் சொன்னாள். சத்தமாகச் சொன்னாள். பற்றீஸ் மேசையடியில் நின்றவர்கள் திரும்பினார்கள். மகள் கூனிய முதுகோடு அப்படியே நின்றாள். தன் அம்மா பகிடி விடுகிறவள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

“உண்மையோ?”

“ஓம். உன்ரை அப்பம்மா கொழுந்து எடுத்தவ. அவவின்ரை அம்மாவும் எடுத்தவ. தோட்டம் ஒண்டும் இல்லை. ஒரு அறைதான் இருந்தது.”

“பிள்ளை, மெல்லக் கதை. ஆக்கள் பாக்கினம்,” என்றார் மாமா.

“பாக்கட்டும் அப்பா. நாடகம் முடிஞ்சுது.”

தகப்பனிடம் அவள் அந்தக் குரலில் பேசியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மாமா, ஒரு கையில் தேநீரோடு, மற்றக் கையால் தொப்பியைக் கழற்றினார். அந்த நேரத்தில் அவரைப் பார்க்க எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

மகள் மெல்ல நிமிர்ந்தாள். முகம் சுருங்கியது. மைபூசிய கண்ணிலிருந்து தண்ணீர் கறுப்பாக இறங்கியது.

“அண்டைக்கு அறையிலை நான் சிரிச்சனான்,” என்றாள். “இப்பவும் சிரிச்சனான். அப்ப அப்பம்மாவைப் பாத்தோ நான் சிரிச்சனான்?”

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவன் நான். இந்த முறை மனைவிதான் சப்பாத்துச் சேற்றால் ஈரமான தரையில் மண்டியிட்டு, பிள்ளையின் முகத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

“இல்லையடி குஞ்சு. நாங்கள் பெரிய ஆக்கள் சொல்லித்தந்ததுக்கு நீ சிரிச்சனி.”

‘நாங்கள்’ என்று சொல்லும்போது அவள் நிமிர்ந்து தன் தகப்பனைப் பார்த்தாள். பிறகு என்னையும் பார்த்தாள்.